கால்கட்டு

தேசப்பனின் வலது காலுக்கு நடந்த இறுதி ஊர்வலத்தில் நூற்றுப் பத்துப் பேர் கலந்துகொண்டார்கள். தேசப்பன் கலந்துகொள்ளவில்லை. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், மருந்து மயக்கத்தில் கிடந்தார்.

முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். தினம் இரண்டு கட்டு பீடி, பத்து வருடச் சர்க்கரை. ரத்தக் குழாய் அடைத்துக் கால் கறுத்து, எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எடுத்தார்கள். எடுத்த காலை ஆஸ்பத்திரியே அப்புறப்படுத்திவிடும். வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டார் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தேசப்பனின் மனைவி மங்கை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பக்கத்தில் ஜெகதீசன் நின்றிருந்தார்.

ஜெகதீசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் யார் செத்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். செத்தவருக்கே சில சமயம் இரண்டாவதாகத்தான் தெரியும். நெற்றிக்காசு எந்த நேரத்தில் வைப்பது, பந்தம் யார் பிடிப்பது, கொட்டு எந்தத் தெரு முனையில் நிற்பது, எல்லாம் அவர் கை காட்டினால்தான் நடக்கும். 'இறுதிப்பயண ஒருங்கிணைப்பாளர்' என்று கார்டு அடித்து வைத்திருந்தார். இதற்கெல்லாம் கூலி வாங்க மாட்டார். மரியாதை மட்டும் வாங்கிக்கொள்வார், அதையும் கறாராக. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்பாகப் பாலிஷ் போட்ட தோல் செருப்பு. பிணத்துக்கு முன்னால் அந்தச் செருப்பு சரக் சரக்கென்று நடக்கும்போது, செத்தவரே அவர் பின்னால் ஒழுங்காக வருகிறார் என்று தோன்றும்.

அவர் தேசப்பனின் பால்ய சிநேகிதரும்கூட. காலைக் குப்பைக்கு அனுப்புவதா என்று கொதித்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

போஸ்டர் அடிக்கக் கொடுத்தார். 'தேசப்பன் அவர்களின் வலது கால் காலமானது' என்றுதான் எழுதிக் கொடுத்தார். போஸ்டர் கடைக்காரர் இதைப் பார்த்து ஏதோ எழுத்துப் பிழை என்று எண்ணி, நல்ல மனதோடு திருத்திவிட்டார். தேசப்பன் கூலிங் கிளாஸ் போட்ட படம், கீழே 'காலமானார்'. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் உறவுக்காரர்கள் மாலையோடு ஆட்டோ பிடித்து அழுதுகொண்டே வந்தார்கள். வந்து பார்த்தால், பெஞ்சின் மேல் ஒன்றரை அடியில் வெள்ளைத் துணி சுற்றிய பொட்டலம். அழுத அழுகையைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. வாங்கிய மாலையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். எல்லோரும் கூடவே நடந்தார்கள்.

சிக்கல் மயானத்தில்தான் வந்தது. தெற்கே தலை வைத்துப் புதைப்பது வழக்கம். காலுக்குத் தலை எது என்று குழி வெட்டும் ராசையா கேட்டார். முழங்கால் பக்கம் தெற்கு, விரல்கள் வடக்கு என்று ஜெகதீசன் தீர்ப்புச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ராசையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

"தலீவரே, கால்கட்டு?"

செத்தவரின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் ஒரு துணியால் சேர்த்துக் கட்டுவார்கள். அதுதான் கால்கட்டு. எரிப்பதோ புதைப்பதோ, கட்டாமல் எந்த உடலும் வாசல் தாண்டாது. இங்கே விரல் ஒன்றுதான் இருந்தது. நூற்றுப் பத்துப் பேர் ஜெகதீசனின் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கொஞ்சம் யோசித்து, ஒரு முழத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியைப் பொட்டலத்தின் கட்டைவிரலில் கட்டினார். மறு பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கட்டு ஒத்தையா நிக்கக் கூடாது" என்றார். "ஜோடி ஆஸ்பத்திரில கீது."

அன்று சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், தேசப்பன் தூங்கிக்கொண்டிருக்கும்போது, போர்வையை விலக்கி அவருடைய இடது கட்டைவிரலில் அந்தப் பாதித் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, பிணத்துக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடினார். கடமையைச் செய்த திருப்தியோடு வெளியே வந்து டீ குடித்தார்.

துணியை மங்கை பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டு என்று நினைத்தாள். நர்ஸும் பார்த்தார், ஏதோ கோயில் கயிறு, அவிழ்த்தால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தார். இப்படி இரண்டு நாள் ஆளுக்கு ஆள் மரியாதை கொடுத்ததில், அந்தத் துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த இரண்டு நாளும் தேசப்பன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இல்லாத வலது கால் ஈரமாக இருக்கிறது என்றார். மணல் மேலே கனக்கிறது, விரல் இடுக்கில் நண்டுக்குஞ்சு ஓடுகிறது என்றார். போன கால் இருப்பதுபோல் தெரிவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அந்த அனுபவம் இருந்தது. ஆனால் தேசப்பனை உறுத்தியது வலது கால் அல்ல. அது இடது காலை இழுத்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் ஜெயஸ்ரீ வந்தார். ரத்தக் குழாய்ப் பிரிவு டாக்டர். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. பேனா மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். தோலில் பசையைத் தடவி அதை வைத்தால், உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். தேசப்பனுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். உஷ்ஷ், உஷ்ஷ் என்று, தூரத்தில் போகும் படகின் இன்ஜின் மாதிரி இருக்கும். ஏற்கெனவே இடது தொடையிலும் அடைப்பு இருந்தது. வியாழக்கிழமை பைபாஸ் செய்து அந்தக் காலையாவது காப்பாற்றுவதாக ஏற்பாடு.

போர்வையை விலக்கிய டாக்டர் நின்றுவிட்டார். துணிக்கு மேலே கட்டைவிரல் நாவல் பழ நிறத்தில் இருந்தது. யார் கட்டியது என்று மங்கையைக் கேட்டார். நீங்கள்தானே என்றாள் மங்கை. இருவரும் நர்ஸைப் பார்த்தார்கள். டாக்டர் கத்தரிக்கோலால் துணியை வெட்டித் தொட்டியில் போட்டார். பேனாவை விரலில் வைத்தார். சத்தம் இல்லை. கறுப்பு முடியும் இடத்தில் நீல மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினார். இந்தக் கோட்டைத் தாண்டிக் கறுப்பு ஏறக் கூடாது. பாதத்தின் பாதிக்கு ஏறிவிட்டால் பைபாஸ் செய்து பயனில்லை, இந்தக் காலையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று மங்கையிடம் தனியாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை கறுப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. டாக்டர் இரண்டாவது கோடு போட்டார். மருந்து ஏற்றினார்கள்.

சாயங்காலம் ஜெகதீசன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, காலுக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை நடந்தது என்று தேசப்பனுக்கே விவரித்தார். கொட்டு, பூ, வாண வெடி, தெற்கு, வடக்கு எல்லாம் சொல்லி, கடைசியில் கால்கட்டுக்கு வந்தார். தான் கண்டுபிடித்த தீர்வை மெல்லிய புன்னகையோடு சொன்னார். தேசப்பனின் முகத்தில் இருந்த ரத்தமும் அந்தக் கருவியின் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

"மங்கே" என்று கூப்பிட்டார். "ரெட்டமடி கேட்டுகிறியா? ரெண்டு படகு, ஒரே வலைய ரெண்டு பக்கமும் புட்ச்சி இய்த்துகினு போவும். ஒரு படகு முழுவுதுன்னு வச்சிக்க, இன்னொண்ணு கவுத்த வெட்டிடணும். இல்லாங்காட்டி அதுவும் கூடவே போவும்."

"அதான் டாக்டரம்மா வெட்டிட்டாங்களே."

"இந்தாண்ட வெட்டிட்டாங்க. இன்னும் இய்க்குது. அந்தாண்ட முடிச்சு அப்டியே கீது."

மங்கை இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. மார்க்கெட்டில் இருபது வருடமாக மீன் வெட்டுகிறவள்; உயிரோடு இருப்பதற்கும் செத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால் புதன்கிழமை விடிந்தபோது கறுப்பு இரண்டாவது கோட்டையும் தாண்டியிருந்தது. டாக்டர் அங்கே போட்ட மூன்றாவது கோட்டுக்கும் பாதத்தின் பாதிக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி வைக்கத்தான் இடம். சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. மீன் வெட்டும் கத்தியைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, நேராக ஜெகதீசன் வீட்டுக்குப் போய், கிளம்பு என்றாள்.

அவர் பேச ஆரம்பித்தார். புதைத்ததை எடுப்பதற்குச் சாஸ்திரம் இல்லை. எட்டாம் நாள் தாண்டாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. தன் பொது வாழ்க்கையில் இப்படி ஒரு கோரிக்கை வந்ததே இல்லை.

"எனக்கும் அவருக்கும் பெரியவங்க கால்கட்டு போட்டு இருவத்தெட்டு வருசம் ஆவுது" என்றாள் மங்கை. "நடுவுல நீ யாருண்ணா இன்னொண்ணு போடறதுக்கு?"

ஜெகதீசன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மயானத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. நல்ல வெயில். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டாமல் வரிசையாக நிற்கிற ரோடு. ராசையா பீடியை அணைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். உத்தரவு இல்லாமல் தோண்டக் கூடாதல்லவா என்று ஜெகதீசன் அவருக்குக் கண்ணைக் காட்டினார். முழு உடம்பை எடுக்கத்தான் ஆர்டர் வேண்டும், காலை எடுக்க என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, தெரியாத வேலையைச் செய்வதில் தப்பில்லை என்று சொல்லி ராசையா மண்வெட்டியை எடுத்தார்.

நாலடி ஆழத்தில் வைத்த கால். ஒன்றரை அடியில் மண்வெட்டி துணியில் பட்டது.

ராசையா நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தார். கடலோர மண், அடியில் தண்ணீர் ஏறினால் மேலே தள்ளும் என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். பிறகு மண்டியிட்டுக் கையால் மணலை ஒதுக்கினார். துணிச் சுற்று முழுக்க நனைந்திருந்தது. வாடை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதுதான் மங்கைக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் பக்கம் வடக்கே இருந்தது. வடக்கே பார்த்து வைத்த விரல்கள் தெற்கே பார்த்தன. தெற்கே டோல்கேட், அதற்கும் அப்பால் ஆஸ்பத்திரி.

"நாந்தான் வச்சேன்" என்றார் ராசையா மெதுவாக. "இப்டி வைக்கல."

கட்டைவிரலில் ஜெகதீசன் போட்ட முடிச்சு இருந்தது. முடிச்சிலிருந்து வால் கிளம்பிப் போனது. அரை முழம் இருந்திருக்க வேண்டிய வால். அது குழியின் தெற்குச் சுவர் வரைக்கும் போய், மணலுக்குள் நுழைந்திருந்தது. தொய்வு இல்லாமல், கொடியில் ஈரத் துணி போட்டதுபோல விறைப்பாக. ராசையா சுவரை ஒரு அடி வெட்டிப் பார்த்தார். துணி இன்னும் உள்ளே போனது. இன்னொரு அடி வெட்டினார். போய்க்கொண்டே இருந்தது.

மர வேர் பிடித்து இழுத்திருக்கும் என்றார் ஜெகதீசன். குரல் அவருடையது மாதிரி இல்லை. அந்த மயானத்தில் மரங்கள் வெட்டி ஆறு வருடமாகிறது. வெட்டியபோது அதற்கும் முன்னால் நின்று வழி நடத்தியவர் அவர்தான்.

மங்கை குனிந்து துணியை விரலால் தொட்டாள். அது துடித்தது. அவள் அதைப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை, தேசப்பனிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள்: அந்த டாக்டரம்மாவின் மிஷின் சத்தம் கைக்குள் கேட்டது என்று.

கத்தியை எடுத்து விரலிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரே இழுப்பில் வெட்டினாள். வெட்டுப்பட்ட முனை மணலுக்குள் போய்விட்டது. வலை இறக்கும்போது கயிறு கைவிட்டு ஓடுமே, அப்படி. ஆனால் சத்தமே இல்லை. மணலில் ஒரு ஓட்டை இருந்தது, பிறகு மணல் சரிந்து அதுவும் இல்லை.

விரலில் மிச்சமிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஊறிப்போய் இறுகியிருந்தது. சரி, இப்படியே மூடிவிடு என்று ராசையாவிடம் சொன்னாள். அங்கேதான் ஜெகதீசனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பயத்தில் இருக்கிற மனிதனின் வாயில் பழக்கம்தான் முதலில் வரும்.

"ஒத்தையா வுடக் கூடாதும்மா" என்றார்.

மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அவருடைய காலில் வந்து நின்றது.

"கயட்டு."

"இன்னாது?"

"எடது செருப்பு. வலது காலுக்கு எடதுதானே ஜோடி? நீதான கட்ன, நீயே ஜோடி குடு."

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் ராசையா பார்த்துக்கொண்டிருந்தார், விதியைச் சொன்னதும் ஜெகதீசனேதான். கழற்றிக் கொடுத்தார். மங்கை அந்த ஒரு சாண் வாலைச் செருப்பின் வாரில் கோத்து, இறுக்கி முடிந்து, காலோடு சேர்த்து வைத்தாள். இந்தத் தடவை ஐந்தடி ஆழம். ராசையா மேலே இரண்டு கான்கிரீட் துண்டுகளைப் போட்டு மூடினார். ஜெகதீசன் மிச்சமிருந்த வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ சாமி ஊர்வலத்தில் விக்கிரகம் தூக்கிப் போகிற கம்பீரத்தோடு, சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் தேசப்பன் பத்து மணி வாக்கில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கிப்போனதாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். மத்தியானம் டாக்டர் ஜெயஸ்ரீ பேனாவை வைத்தார். கணுக்காலில் சத்தம் நன்றாக இருந்தது. பாதத்தில் மெலிசாக, தூரத்துப் படகு திரும்பி வருவதுபோல, உஷ்ஷ் என்றது. கறுப்பு மூன்றாவது கோட்டில் நின்றுவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். அதுவும் உண்மையாக இருக்கலாம். வியாழக்கிழமை பைபாஸ் நடந்தது. வலது தொடையில் மிச்சமிருந்த ரத்தக் குழாயை எடுத்து இடது காலில் வைத்துத் தைத்தார்கள். கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயின. பாதம் பிழைத்தது.

இது ஆனியில். மார்கழியில் தேசப்பன் கட்டைக் கால் மாட்டி, கம்பு ஊன்றி, வாசல் வரைக்கும் வந்து உட்கார ஆரம்பித்தார். படகு போய்விட்டது, வலை பிரித்துக் கொடுக்கிற வேலை வந்தது. பீடியை விட்டாயிற்று. வலது கால் இப்போதெல்லாம் ஈரமாக இல்லை. யாரோ அதைத் தங்கள் பக்கமாக எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி, அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது.

தை மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. ஊர்வலம் தேசப்பனின் வாசல் வழியாகப் போனது. கொட்டு போனது, பாடை போனது, ஜனங்கள் போனார்கள். ஜெகதீசனைக் காணோம். எல்லோருக்கும் பின்னால், முப்பது அடி தள்ளி, வெள்ளை வேட்டியோடு அவர் வந்தார். காலில் செருப்பு இல்லை. மாதக்கணக்காகவே அவர் செருப்புப் போடுவதில்லை. சாவுக்கு மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஊரும் புல்லரித்துக்கொண்டிருந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். மண்ணில் அந்தப் பக்கம் கால் தடம் விழவில்லை. ஒரு கோடு விழுந்தது.

தேசப்பன் கம்பை நீட்டி அவரை மறித்து, உட்கார வைத்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். ஐஸ் பெட்டியில் கை விட்டதுபோல இருந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில், வார் வரும் இடத்தில், சுற்றி ஒரு கறுப்புப் பட்டை.

"இன்னா மாமு இது?"

"ஒண்ணியும் இல்லபா" என்றார் ஜெகதீசன். "செருப்பு கடிச்சிட்சி."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கொட்டுச் சத்தம் தெரு முனையைத் தாண்டிப் போயிற்று.

"ஈரமா கீதா?"

ஜெகதீசன் தலையசைத்தார்.

"இய்க்குதா?"

ஜெகதீசன் மயானம் இருக்கிற திசையைப் பார்த்தார்.

டாக்டரம்மாவிடம் நாளைக்கே போக வேண்டும், தானே கூட வருவதாகத் தேசப்பன் சொன்னார். உள்ளே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மங்கை வெளியே வந்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த கை. கத்தியும் கையில் இருந்தது. முந்தானையில் அதைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி நாளைக்கு, இப்போது மயானத்துக்குப் போகலாம், ராசையா இருப்பான் என்றாள்.

"வெட்டிட்டு?" என்று கேட்டார் தேசப்பன். "அந்தாண்ட யார கட்றது?"

மங்கை ஜெகதீசனைப் பார்த்தாள். தேசப்பனும் பார்த்தார். நாற்பது வருடமாக எந்தச் சடங்கிலும் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர், கஞ்சி போட்ட வேட்டியை இழுத்துத் தன் கட்டைவிரலை மூடிக்கொண்டார்.